அம்மாவுக்கு ஊல் பின்னக் குடுத்தா மனசு லேசாகுமா? கொஞ்சம் நீளமான பதில்

தம்பி, நீங்க கேட்டது இதுதானே: அம்மா தலவாக்கலைப் பக்கத் தோட்டத்துல இவ்வளவு காலமும் கொழுந்து எடுத்துட்டு இப்ப பென்சனாகி வீட்டோட இருக்காங்க, அப்பா தவறிட்டாரு, நீங்க கொழும்புல வேலை, அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் சரியில்ல, பகல்ல லயத்துக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) வாசல்லயே உக்காந்து எதையாவது யோசிச்சிட்டே இருக்காங்க, தங்கச்சி கம்பளி நூல் பின்னல் பத்தி எங்கயோ வாசிச்சிட்டு "ஊல் பின்னக் குடுங்க, மனசுக்கு நல்லதாம்"ங்கிறா, இது நெசமா இல்ல சும்மா பேச்சான்னு. நான் நுவரெலியா மாவட்டத்துல தொழில்வழிச் சிகிச்சை வேலை பார்க்கிறவ, மனநல கிளினிக்குக்கு வர்றவங்களுக்கு கை வேலை குடுக்கிறதுலயே என் பாதி நாள் போயிரும், வீட்லயும் பின்னுவேன். அதனால நேரா சொல்லிர்றேன், வாங்கிக் குடுங்க. ஆனா இது உங்க வருத்தத்துக்கு மருந்துன்னு சொல்லிக் குடுக்காதீங்க, அப்படிச் சொன்னா நம்ம அம்மாமார் "எனக்கு என்ன பைத்தியமா"ன்னு தூக்கி அலுமாரிக்கு மேல வச்சிருவாங்க.

முதல்ல ஆராய்ச்சிக் கதையை முடிச்சிருவோம், தங்கச்சி வாசிச்சது அநேகமா இதுலதான் ஏதோ ஒண்ணா இருக்கும். 2013ல பிரிட்டிஷ் தொழில்வழிச் சிகிச்சை ஜர்னல்ல ஜில் ரைலி, பெட்சன் கோர்க்ஹில், கிளேர் மோரிஸ்னு மூணு பேர் எழுதுன ஆய்வு ஒண்ணு வந்துச்சு. 31 நாட்டுல இருந்து ஊல் பின்னுற 3,545 பேர் இன்டர்நெட்ல பதில் குடுத்திருந்தாங்க, அடிக்கடி பின்னுறவங்க கூடுதலா அமைதியாவும் சந்தோசமாவும் இருக்கிறதா சொன்னாங்க, தனக்கு மனச்சோர்வு இருக்குன்னு சொன்னவங்கள்லயே 5 பேர்ல 4 பேர் பின்னுனதுக்கு அப்புறம் மனசு சந்தோசமா இருக்குன்னாங்க. இதுல கோர்க்ஹில் பிஸியோதெரபிஸ்டா இருந்தவங்க, அந்த வேலையை விட்டுட்டு கைவினைப் பத்திரிகைகள்ல வேலை பார்த்தப்போ வாசகர்கள் எழுதுற கடிதம் கடிதமா "பின்னுறதுதான் என்னைக் காப்பாத்துச்சு"ன்னு வந்துட்டே இருந்ததைப் பார்த்துத்தான் இதுக்குள்ள இறங்குனாங்க. அப்புறம் 2020ல ஒஸ்திரேலியாவுல இருந்து ஒரே ஒரு கொக்கி ஊசியால பின்னுற குரோஷே பத்தி இதே மாதிரி ஒண்ணு, 87 நாடு, 8,391 பேர், கிட்டத்தட்ட 10ல 9 பேர் குரோஷே போட்டா அமைதியா இருக்குன்னு சொல்லியிருந்தாங்க. 2009ல சாப்பாட்டையே வெறுக்கிற நோயோட ஆஸ்பத்திரியில இருந்த 38 பெண்களுக்கு ஊல் குடுத்துப் பார்த்ததுல 74 வீதமானவங்க தங்களோட பயமும் அந்த நோயோட நினைப்பும் குறைஞ்சதா சொன்னாங்க. அமெரிக்காவுல மேயோ கிளினிக் 2011ல 70 வயசுல இருந்து 89 வயசு வரைக்கும் உள்ள 1,321 பேரைப் பார்த்துட்டு, பின்னல், தையல் மாதிரி கை வேலை செய்றவங்க கிட்ட ஞாபகமறதிக் கோளாறு குறைவாத்தான் இருக்குன்னு எழுதுனாங்க.

கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நீங்க படிச்ச பிள்ளை, இதுல உள்ள ஓட்டையையும் சொல்லணும். பின்னல் பத்திக் கேட்டா யார் வந்து பதில் எழுதுவா, பின்னல் பிடிச்சவங்கதானே. ரெண்டு வரிசை போட்டுட்டு வெறுத்துப்போய் ஊசியைத் தூக்கி எறிஞ்சவங்க யாரும் வந்து ஃபோர்ம் நிரப்பப் போறதில்ல. மேயோ ஆய்வுலயும் பின்னுனதால மூளை நல்லா இருந்துச்சா இல்ல மூளை நல்லா இருந்ததால பின்ன முடிஞ்சதான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால நிறையப் பேருக்கு உதவுது, கெடுதல் ரொம்பக் கொறைவு, அம்மாவுக்கு உதவுமாங்கிறது குடுத்துப் பார்த்தாத்தான் தெரியும், இதுக்கு மேல நான் சொன்னா அது வியாபாரம்.

இப்ப உங்க கேள்வியில கடைசியா ஒரு வரி இருந்துச்சே, "காலம் பூரா கையால உழைச்ச மனுசிக்கு திரும்பவும் கை வேலையா?"ன்னு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான், ஏன்னா புத்தகத்துல சொல்ற விளக்கம் நம்ம மலைக்கு வந்ததும் இந்த இடத்துலதான் முட்டி நிக்கும். புத்தகம் என்ன சொல்லுது, ரெண்டு கையும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப செஞ்சா உடம்பு அடங்கும், மூச்சு சீராகும், மனசு அமைதியாகும். அப்படின்னா உலகத்துலயே அமைதியான ஆள் கொழுந்து எடுக்கிற நம்ம அம்மாமாராத்தானே இருக்கணும்? ரெண்டு இலையும் ஒரு மொட்டும், ரெண்டு கையாலயும், காலையில இருந்து பின்னேரம் வரைக்கும், இதைவிடத் திரும்பத் திரும்ப செய்ற வேலை எங்க இருக்கு. ஏன் அவங்க மனசு அடங்கல?

ஏன்னா மலையில அந்த அசைவு அவங்களுது இல்ல. பெரட்டுக்கு (காலையில ஆள் கணக்கெடுக்கிறதுக்கு) லேட்டாகக் கூடாது, தனக்குக் குடுத்த தேயிலை நெரையை (வரிசையை) விட்டு வெலகக் கூடாது, பின்னால மேற்பார்க்கிற கங்காணி நிக்கிறாரு, தோட்டத்துக்குத் தோட்டம் மாறுனாலும் 18 கிலோ 20 கிலோன்னு ஒரு கணக்கு இருக்கு, அது வரலைன்னா அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். நிறுவைக்குப் போனா தண்ணிக்கு, கூடைக்குன்னு கழிச்சு விழும். கை ஒரே மாதிரி ஆடுது, ஆனா தலைக்குள்ள தராசு ஓடிட்டே இருக்கு. ஹார்வர்ட்ல ஹெர்பர்ட் பென்சன்னு ஒரு இருதய டொக்டர் 1975லயே உடம்பு இறுக்கம் விட்டுத் தளர்றதைப் பத்திப் புத்தகம் எழுதுனாரு, அதுக்கு முக்கியமா ரெண்டு விசயம் வேணும்னு பின்னால சொன்னாரு: ஒண்ணு, ஒரு சொல்லோ அசைவோ திரும்பத் திரும்ப வரணும். ரெண்டாவது, நடுவுல வேற நெனப்பு வந்தா தன்னையே ஏசிக்காம அதை விட்டுட்டு மெதுவா திரும்பி வரணும், நல்லா செய்றேனா மோசமா செய்றேனான்னு பார்க்கவே கூடாது. மொத விசயம் தோட்டத்துல தாராளமா கிடைக்குது, ரெண்டாவதுக்கு அங்க இடமே இல்ல. ஊல் பின்னுறதுல ரெண்டுமே கிடைக்கலாம், "கிடைக்கலாம்"னுதான் சொல்றேன், பின்னலுக்கும் ஒரு கங்காணி வந்து நின்னா அதுவும் போச்சு.

நான் நடத்துற குரூப்புக்கு வர்ற ஒரு அம்மாவைப் பத்திச் சொல்றேன். குரோஷே ஊசியைக் குடுத்து சங்கிலிக் கண்ணி காட்டிக் குடுத்தா அரை மணித்தியாலத்துல பிடிச்சிக்கிட்டாங்க, விரல் அப்படி ஓடுது, கொழுந்து எடுத்த விரலாச்சே. அடுத்த நிமிசம் தலையைத் தூக்கி என்கிட்ட கேட்டாங்க, "மிஸ், இன்னைக்கு எவ்வளவு போடணும்?" பக்கத்துல உள்ளவங்க எவ்வளவு போட்டிருக்காங்கன்னு அடிக்கொரு தடவை எட்டிப் பார்த்தாங்க, தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி நிக்குது. கணக்கெல்லாம் ஒண்ணும் இல்லம்மான்னு சொன்னா நம்பல. கொஞ்ச கிழமை கழிச்சு அவங்க போட்ட பட்டி ஒரு பக்கம் அகலமாப் போயிருச்சு, எனக்குப் பார்த்ததும் தெரிஞ்சது, நான் வாயைத் திறக்கல. அவங்களே பார்த்தாங்க, நூலைப் பிடிச்சு சர்ர்னு இழுத்து மொத்தத்தையும் அவுத்தாங்க, யாரும் ஏசலை, யாரும் கழிக்கல, நூல் அப்படியே முழுசா கையில இருக்கு. "அட, ஒண்ணும் நட்டமில்லையே"ன்னு சொல்லி சிரிச்சாங்க. அதுக்கப்புறம் தோள் தானா கீழ எறங்குச்சு. என்னைக் கேட்டா பின்னலோட பலன் பாதி இந்த அவுக்கிறதுலதான் இருக்கு, வாழ்க்கையில நாம செஞ்சது எதையும் இப்படி சேதாரமில்லாம அவுத்துட்டு திரும்ப ஆரம்பிக்க முடியுதா சொல்லுங்க.

இன்னொரு பலன், கவனம். கண்ணி எண்ணிட்டு இருக்கிற மூளைக்கு பழைய கவலையை முழுசா ஓட்டிப் பார்க்க எடம் பத்தாது. ரொம்ப லேசா இருந்தா மனசு திரும்ப அலையப் போயிரும், ரொம்பக் கஷ்டமா இருந்தா எரிச்சல் வரும், நடுவுல ஒரு இடம் இருக்கு, அங்க பிடிச்சா நேரம் போறதே தெரியாது. இதோட சேர்த்து ஒரு விசயம் சொல்லணும், மழை. நம்ம பக்கத்துல 2014 ஒக்டோபர் 29ல கொஸ்லந்தை மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயத்தோட மூடுனதுக்கு அப்புறம், அந்த எடத்தைக் கண்ணால பார்க்காதவங்களுக்குக்கூட ராத்திரி மழை அடிச்சு ஊத்துனா தூக்கம் வராது, இதை நோய்னு சொல்ல மாட்டேன், புத்தியுள்ள பயம். ஒக்ஸ்ஃபோர்ட்ல எமிலி ஹோம்ஸ் குழு 2009ல ஒரு சோதனை செஞ்சாங்க, கொடூரமான காட்சி உள்ள படத்தைப் பார்த்தவங்களுக்கு அரை மணித்தியாலம் கழிச்சு விழுற கட்டைகளை அடுக்குற டெட்ரிஸ் கேம் விளையாடக் குடுத்தா அடுத்த ஒரு கிழமையில அந்தக் காட்சி தானா கண்ணுக்கு முன்னால வர்றது குறைஞ்சது. கண்ணையும் கையையும் இடத்தையும் சேர்த்துப் பிடிக்கிற வேலை படமா வர்ற நினைப்போட போட்டி போடுதுங்கிறதுதான் அவங்க விளக்கம். அது பின்னல்ல செஞ்ச சோதனை இல்ல, அதனால இழுத்துப் பிடிச்சு ஒட்ட வைக்க மாட்டேன், ஆனா மழை ராத்திரியில முழிச்சிட்டுக் கிடக்கிறதை விட எழும்பி லைட்டைப் போட்டு நாலு வரிசை போடுறது நல்லதுன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். ஒண்ணே ஒண்ணு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அம்பர்னு மண்சரிவு எச்சரிக்கை குடுத்திருந்தா கிளம்பத் தயாரா இருக்கணும், சிவப்புன்னா ஊசியைப் போட்டுட்டு சொன்ன எடத்துக்குப் போயிரணும், அந்த நேரத்துல அமைதியா இருக்கிறது நல்லதே இல்ல.

சரி, என்ன வாங்குறது. இங்கதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க, கொழும்புல கடையில பார்க்க அழகா இருக்குன்னு மெல்லிசு நூலா, கறுப்பு, கடும் நீலம்னு வாங்கிட்டு வந்து குடுப்பாங்க. லயத்து வெளிச்சத்துல, வெள்ளெழுத்துக் கண்ணோட, கறுப்பு நூல்ல கண்ணி தேடுறது தண்டனை. மொதல்ல கண்ணாடி இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா ஊலுக்கு முன்னால அதை வாங்குங்க. அப்புறம் வெளிர் நிறம், தடிச்ச நூல், 5 மில்லிமீட்டர் 6 மில்லிமீட்டர் ஊசி. இரும்பு ஊசி நுவரெலியா, தலவாக்கலைக் குளிருக்கு ஐஸ் மாதிரி இருக்கும், விரல் மூட்டு வலிக்கிறவங்களுக்கு மூங்கில் ஊசிதான் சுகம், வழுக்காது, கண்ணியும் கழண்டு விழாது. அம்மாவோட விரலைப் பார்த்திருப்பீங்க, கொழுந்துக் கறை ஏறி நுனியெல்லாம் வெடிப்பு வெடிப்பா இருக்கும், அந்த வெடிப்புல ஊல் நார் சிக்கி இழுக்கும், மொத நாளே வெறுத்திருவாங்க. ராத்திரி படுக்கும்போது தேங்காயெண்ணெய் தடவிட்டுப் படுத்தா சில நாள்ல தேறும், இல்லைன்னா பருத்தி நூல்ல ஆரம்பிக்கலாம், அது சிக்காது.

அடுப்பு பத்தி மறக்காம சொல்லிருங்க. நம்ம டவுன் கடையில ஊல்னு விக்கிறதுல முக்கால்வாசி அக்ரிலிக், அது நெருப்புல பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும், நெச ஆட்டு ரோமம்னா அவ்வளவு லேசுல பத்தாது, உருகவும் செய்யாது. குளிருக்கு எல்லாரும் விறகடுப்புப் பக்கம்தான் உக்காருவாங்க, பின்னுறது அங்க வேணாம், பின்னின மப்ளரைக் கட்டிட்டு அடுப்புக்குக் குனியவும் வேணாம்.

என்ன பின்னுறது? ஸ்வெட்டர்ல ஆரம்பிக்கவே கூடாது, அது மாசக்கணக்கு வேலை. பின்னலா இருந்தா எல்லா வரிசையும் ப்ளேனாவே போட்டு ஒரு மப்ளர், குரோஷேயா இருந்தா ஒரு சதுரம், இல்ல பேரப்பிள்ளைக்குத் தொப்பி. நம்ம பக்கத்துல பிறந்த பிள்ளைக்குத் தொப்பி எப்பவும் தேவை, யாரு வீட்லயாவது பிள்ளை பிறந்துட்டே இருக்கும், அதைக் கொண்டுபோய்க் குடுக்கிறப்போ அந்த வீட்டுல உக்கார வச்சு தேத்தண்ணி குடுத்து ரெண்டு வார்த்தை பேசுவாங்க பாருங்க, அம்மாவுக்கு வேண்டியது அதுதான். பென்சனானதும் போனது சம்பளம் மட்டுமா, கூட நின்னு கொழுந்து எடுத்த ஆளுங்க, போற வழிப் பேச்சு, சண்டை, சிரிப்பு எல்லாம் ஒரே நாள்ல போயிருது, ஆனா விடியக் காலம் நாலு மணிக்கு முழிப்பு மட்டும் வந்திரும். அதனால தனியா உக்காந்து பின்னுறதை விட பக்கத்து லயத்துல ரெண்டு மூணு பேர் சேர்ந்து பின்னுனா நூறு மடங்கு நல்லது. கண்ணு நூல்ல இருக்கும்போது வாய் தானா திறக்கும், மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாததை எல்லாம் நூலைப் பார்த்துச் சொல்லிருவாங்க, எங்க கிளினிக்ல டொக்டர்கிட்ட வராத கதை எல்லாம் இந்த மேசையிலதான் வருது.

இனி கொஞ்சம் ஏசப் போறேன். அம்மா நல்லா பின்ன ஆரம்பிச்சதும் யாராவது ஒரு சொந்தக்காரங்க வருவாங்க, "அடேயப்பா, ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுல கொண்டுபோய் வித்தா நல்ல காசு"ன்னு. தேவை இருந்தா விக்கட்டும், காசு வர்றதும் மனசுக்கு பலம்தான், நான் மறுக்கல. ஆனா "வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள இருபது தொப்பி"ன்னு ஓர்டர் வந்த அன்னைக்கே அது திரும்பவும் நிறுவைக்குக் கொழுந்து கொண்டுபோற மாதிரி ஆயிரும். விக்கிறதா இருந்தாலும் கணக்கில்லாத, யாருக்கும் குடுக்கத் தேவையில்லாத ஒண்ணு எப்பவும் அவங்க பையில இருக்கணும்.

ஊல்தான்னு கட்டாயமும் இல்ல. பழைய சேலையை நீளமாக் கிழிச்சு தடிச்ச ஊசியில பின்னி கால்மிதி போடலாம், செலவே இல்ல, அதுல தன்னோட சேலை, செத்துப்போன அவங்கம்மா சேலைன்னு கதை வேற ஓடும். கார்மென்ட் கட்பீஸ் கிலோ கணக்குல வாங்கி ஒட்டுப்போட்டுத் தைக்கலாம். கண்டிப் பக்கம் தும்பறைப் பாய் நெய்றவங்க ஹண நாரைச் சீவி, சாயம் போட்டு, தறியில வச்சு நெய்வாங்க, காலி, வெலிகமைப் பக்கம் சின்னக் கட்டைகள்ல நூலைச் சுத்திப் பின்னுற பீரலு லேஸ் இருக்கு, ரெண்டும் பரம்பரையா வர்ற பெரிய வித்தை, அவசரத்துக்குக் கத்துக்க முடியாது, போனா ஒருக்கா பார்த்துட்டு வாங்க. ஆம்பிளைங்களுக்கு இது ஒத்து வராதுன்னு யாராவது சொன்னா, முதலாம் உலக யுத்தத்துல காயப்பட்ட சிப்பாய்ங்களுக்கு ஆஸ்பத்திரியில கூடை பின்னவும் நெய்யவும் குடுத்துத்தான் என்னோட தொழிலே வளர்ந்துச்சுன்னு சொல்லுங்க.

கவனிக்க வேண்டியது. கொழுந்து எடுத்த கை ஏற்கனவே தேய்ஞ்ச கை. பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகுது, ராத்திரியில கூடுது, கையை உதறுனா சரியாகுதுன்னா அது மணிக்கட்டு நரம்பு அமுங்குறது, பின்னலை நிறுத்திட்டு டொக்டர்கிட்ட காட்டணும். மத்தவங்களும் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா கையை நீட்டி மடக்கி எழும்பி நடக்கணும். சில பேருக்கு ஒரு கண்ணி பிழைச்சாலும் திரும்பத் திரும்ப அவுத்து அவுத்து, எண்ணி எண்ணி, அதுவே புது வருத்தமாயிரும், அவங்களுக்கு இது சரிவராது, கட்டாயப்படுத்த வேணாம்.

இன்னும் முக்கியமானது, அம்மாவுக்கு இருக்கிறது வெறும் தனிமையா இல்ல மனச்சோர்வு நோயான்னு பார்க்கணும். ரெண்டு கிழமைக்கு மேல அநேகமா எல்லா நாளும் மனசு இறங்கியே இருக்கு, சாப்பாடு குறைஞ்சிருச்சு, உடம்பு இளைக்குது, பிடிச்சது எதுலயும் நாட்டமில்ல, குளிக்கவே மனசில்ல, "நான் இருந்து என்னத்துக்கு"ன்னு பேச்சு வருதுன்னா ஊலெல்லாம் அப்புறம், மொதல்ல பக்கத்து அரச ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. தைரொயிட், ரத்தசோகை, சீனி நோய் இதெல்லாமும் மனசை இறக்கும், ரத்தம் பார்த்தாத்தான் தெரியும். சாகிற பேச்சு வந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க, தேசிய மனநல நிறுவனத்தோட 1926 நம்பருக்கு ராப்பகலா எந்த நேரமும் அடிக்கலாம். மாத்திரை குடுத்தா மாத்திரையும் போடட்டும், பின்னலும் நடக்கட்டும், ஒண்ணுக்கு ஒண்ணு எதிரி இல்ல.

கடைசியா குடுக்கிற விதம். பார்சல் கட்டி பஸ்ல போட்டு விடாதீங்க. பொங்கலுக்கு வீட்டுக்கு வர்றப்போ ரெண்டு ஊல் உருண்டை, ரெண்டு சோடி ஊசி கொண்டு வாங்க, தங்கச்சி ஒண்ணை வச்சுப் பின்னத் தொடங்கட்டும், அம்மா பக்கத்துல உக்காந்து பார்க்கட்டும், "எனக்கு மொத வரிசை ஏத்தத் தெரியல, பக்கத்துக் காம்பரா ஆத்தாவுக்குத் தெரியுமா"ன்னு கேட்டா அம்மாவே போய்க் கூட்டிட்டு வருவாங்க, இந்த வயசு ஆத்தாமார்ல யாராவது ஒருத்தருக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கும். யூடியூப் எல்லாம் அதுக்கப்புறம். திரும்பிப் போனதும் போன்ல "எவ்வளவு பின்னுனீங்க"ன்னு கேக்காதீங்க, கங்காணி வேலை உங்களுக்கு வேணாம், "யாரெல்லாம் வந்து உக்காந்தாங்க"ன்னு கேளுங்க. ரெண்டு மாசம் பார்த்தும் அம்மாவுக்குப் பிடிக்கலைன்னா ஊலைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மனையியல் பாடத்துக்குக் குடுத்துட்டு, லயத்துக்குப் பின்னால ரெண்டு பாத்தி வெட்டி லீக்ஸ் கன்னு நட்டுக் குடுங்க, ஊலைத் திரும்பிக்கூடப் பார்க்காம பாத்தியே கதின்னு கெடக்கிற அம்மாமாரும் எங்க கிளினிக்குக்கு நிறைய வர்றாங்க.